இரண்டாவது பந்து

பயந்தவன் ஒருவன், பயமே இல்லாதவர் என்று ஊர் சொன்ன ஒருவரைத் தேடிப் போனான்.

பயந்தவனின் பேர் நவநீதன். ஒரு காலத்தில் நாட்டுக்காக டென்னிஸ் ஆடியவன். அவன் தேடிப் போனது கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி போகும் வழியில், மலையடிவாரத்தில் இருந்த ஒரு தென்னந்தோப்புக்கு. அங்கே இருந்த அம்மாளை எல்லோரும் தோட்டத்தம்மா என்று கூப்பிட்டார்கள்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. பிறந்து மூன்று மாதம் ஆகியும் அவன் அதை ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜலதோஷம் என்றான். வீட்டுக்கு வந்த பிறகு முதுகு பிடித்துக்கொண்டது என்றான். கை கழுவவில்லை, வெளியே போய்விட்டு வந்தேன், தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்று நாளுக்கொரு சாக்கு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் ஆடத் தெரிந்தவன், ஆனாலும் மூன்று மாதமாகக் கூடம் கோணல் என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

பிள்ளைமேல் பிரியம் இல்லாமல் இல்லை. பிரியம் இருந்ததுதான் தொல்லை. தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருப்பான். தூக்கலாம் என்று நினைத்த மாத்திரத்தில் இடது கை சில்லிட்டுப் போகும். அந்தக் கை தானாக விரிந்துவிடும், பிள்ளை விழுந்துவிடும் என்று தோன்றும். தோன்றும் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவன் அதைக் கண்ணாலேயே பார்த்தான். சின்னத் தலை தரையில் படுகிற சத்தம் காதில் கேட்டது.

ஒருநாள் காலையில் அவன் மனைவி சுகந்தி குளிக்கப் போயிருந்தாள். பால் குடித்துவிட்டுத் தூளியில் கிடந்த பிள்ளைக்குப் புரையேறியது. முதலில் இருமல் வந்தது. பிறகு இருமலும் நின்றுவிட்டது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. முகம் சிவந்து, சிவப்பு கறுத்துக்கொண்டு வந்தது.

தூக்கித் தோளில் போட்டு முதுகில் தட்ட வேண்டும். அவனுக்கு அது தெரியும். கை தூளியின் விளிம்புவரை போனது. அதற்கு மேல் போகவில்லை. ஓடிப்போய்க் குளியலறைக் கதவை இரண்டு கையாலும் இடித்தான். என்ன சொல்லிக் கத்தினான் என்று அவனுக்கே தெரியாது. சுகந்தி சேலையை அள்ளிச் சுற்றிக்கொண்டு, தலையில் நுரையோடு ஓடிவந்து பிள்ளையைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டினாள். பால் வெளியே வந்தது. பிள்ளை வீறிட்டு அழுதது. அவன் சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தான்.

சுகந்தி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று அவனுக்கு இருந்தது. சாயங்காலம்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை பேர் வெக்கிறோம். இதுக்கு மேல தள்ளிப்போட முடியாதுங்க. அப்பன் மடில வெச்சு, அப்பன்தான் காதுல பேரைச் சொல்லோணும். நீங்க தூக்கலீன்னா இந்தப் பிள்ளைக்குப் பேரே வேண்டாம். பேரில்லாமயே வளரட்டும்."

அவள் சொன்னால் செய்கிறவள். அது அவனுக்குத் தெரியும்.

அந்தக் கை எப்படி அப்படி ஆனது என்பதற்கும் ஒரு கதை உண்டு.

சின்ன வயதில் மில் ஆபீசர்களின் கிளப்பில் அவனுக்கு ஆட்டம் பழக்கிய கோச் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார். சர்வீஸ் என்பது அடிப்பதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. வலது கை ராக்கெட்டைச் சுழற்றுவதெல்லாம் அப்புறம். இடது கை பந்தை மேலே கொண்டுபோய் விட வேண்டும். எறியக் கூடாது. விரல்கள் எல்லாம் ஒன்றாகத் திறக்க வேண்டும். நவநீதன் அதை அவ்வளவு அழகாகச் செய்வான். பந்து அவன் கையைவிட்டுப் போவது தெரியாது, மேலே இருப்பதுதான் தெரியும்.

அந்த சர்வீஸை வைத்துக்கொண்டே உலகம் சுற்றினான். தாஷ்கண்டில் குளிரில் ஆடினான், கெய்ரோவில் புழுதியில் ஆடினான். விமான நிலையங்களில் ராக்கெட் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கினான். ஓட்டல் பேசினில் சாக்ஸ் துவைத்தான். ஒரு தடவை உலகத்தின் முதல் நூறு பேருக்குள் வந்தான். ஊரில் போஸ்டர் ஒட்டினார்கள். போஸ்டரின் பசை காய்வதற்குள் நூற்றுக்கு வெளியே போய்விட்டான். ஆனாலும் ஆடிக்கொண்டிருந்தான்.

டென்னிஸில் சர்வீஸ் போடுகிறவனுக்கு இரண்டு பந்து. ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வான், இன்னொன்றைப் பையில் போட்டுக்கொள்வான். முதல் பந்து வெளியே போனால் குற்றமில்லை, இரண்டாவதை எடுத்துப் போடலாம். அதனால் முதல் பந்துக்குத் தைரியம் அதிகம். இரண்டாவதைப் போடும்போது பை காலியாக இருக்கும். எவ்வளவு பெரிய ஆட்டக்காரனுக்கும் அந்த நேரத்தில் பயம் வரும், வெளியே சொல்ல மாட்டான்.

அவனுடைய கடைசி ஆட்டம் சென்னையில் நடந்தது. நாட்டுக்காக ஆடுகிற ஆட்டம். இவன் ஜெயித்தால் நாடு ஜெயிக்கும் என்ற நிலை. ஆட்டம் கைநழுவிக்கொண்டிருந்தது, இன்னும் ஒரு புள்ளி போனால் முடிந்தது. முதல் பந்தைப் போட்டான். கோட்டோரம் நிற்கிற லைன் அம்பயர் அவுட் என்று கத்தினார். பையிலிருந்து இரண்டாவது பந்தை எடுத்தான். இடது கை மேலே போனது. விரல்கள் திறக்கவில்லை.

கையைக் கீழே இறக்கி மறுபடியும் தூக்கினான். திறக்கவில்லை. ஜனங்கள் முதலில் கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள். மறுபடியும் தூக்கினான். கைதட்டல் ஓய்ந்தது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த அந்த அமைதியை நினைத்தால் இப்போதும் அவனுக்கு முதுகுத்தண்டு குளிரும். நடுவர் எச்சரித்தார். அவன் தன் கையை ஏதோ அடுத்தவன் கையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வலைக்கு நடந்துபோய் எதிராளிக்குக் கை கொடுத்துவிட்டு வெளியே போனான்.

தோள்பட்டையில் காயம் என்று பேப்பரில் போட்டார்கள். அவன் மறுக்கவில்லை.

அந்தப் பந்தை அவன் அதன் பிறகு கீழே வைக்கவே இல்லை. பேன்ட்டின் இடது பையில் எப்போதும் கிடக்கும். நடக்கும்போதும் பேசும்போதும் கை அதன்மேல் இருக்கும். மேலே இருந்த மஞ்சள் முடியெல்லாம் தேய்ந்து வழுக்கையாகிவிட்டது.

மைதானத்தில் திறக்க மறுத்த கை, வீட்டில் திறந்துவிடுவேன் என்று மிரட்டியது. ஒரே கைதான். இரண்டு விதமாகவும் அவனை ஆட்டிவைத்தது.

தோட்டத்தம்மாவைப் பற்றி அவனுக்குச் சொன்னவர் ஒரு பழைய ஆட்டக்காரர். அன்றைக்கு அவன் முதல் பந்தை அவுட் என்று கத்திய லைன் அம்பயர்தான் அந்த அம்மா என்றார். சொந்த நாட்டுக்காரன் போட்ட பந்து, அரங்கம் முழுக்க சொந்த ஜனம், ஒற்றை ஆளாகக் கத்தினாரே, பயம் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷி என்றார். இப்போது பெரிய ஞானியாகிவிட்டாராம்.

ஞானியான கதை இதுதான். அந்த அம்மாவின் பேர் ருக்குமணி. லைன் அம்பயராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று மெஷினே சொல்ல ஆரம்பித்தபின் வேலை குறைந்தது. அப்பா விட்டுப்போன தோப்புக்கு வந்து தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு வந்தபோது, வரப்பைப் பார்த்து, தம்பி நகர்த்தியிருக்கிறான் என்று உள்ளதைச் சொன்னார். தம்பி ஒப்புக்கொண்டு அழுதான். அதிலிருந்து வேறு வேறு கேள்விகளோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொல்லச் சொல்ல, பேர் பரவிக்கொண்டே போனது.

நவநீதன் போனபோது அம்மா மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். அவன் வயதுதான் இருக்கும். அவன் கும்பிட்டுவிட்டு, யார் என்பதைச் சொன்னான். தெரியும் என்று தலையசைத்தார். பிள்ளையைப் பற்றி, கையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னான். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"பயம் போக என்னம்மா பண்ணோணும்?"

"தெரியாதுங்க."

"உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க."

"தெரிஞ்சா நான் பண்ணியிருப்பேனே," என்று சொல்லிவிட்டு அம்மா வாய்க்காலுக்குக் குனிந்தார்.

தோப்பிலேயே ஒரு கொட்டகையில் அங்கமுத்து என்று ஒருவர் தங்கியிருந்தார். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா சொல்வதற்கெல்லாம் உரை சொல்வது அவராகவே எடுத்துக்கொண்ட பொறுப்பு. அம்மா மழை வரும் என்றால்கூட அது அருள் மழை என்பார். அவர் நவநீதனைத் தனியாக அழைத்துப்போய் உட்காரவைத்து, தெரியாது என்பதுதான் உச்சமான பதில் என்று விளக்கினார். தெரியாது என்ற இடத்தில் நான் என்பது இல்லை, நான் இல்லாத இடத்தில் பயம் யாருக்கு என்றார். நவநீதனுக்கு அது சரியாகவே பட்டது. தேடி வந்த இடத்தில் பதில் கிடைக்கவில்லை என்றால் அதையே பதில் என்று வைத்துக்கொள்வது ஒரு சௌகரியம்.

அங்கேயே தங்கினான். தேங்காய் பொறுக்கிப் போட்டான், மட்டை இழுத்தான். எல்லாம் வலது கையால்தான். இடது கை பையில் இருந்தது.

மறுநாள் அம்மா மரத்தடியில் மட்டை கிழித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தான். எத்தனையோ வருஷமாக அவன் மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்த ஒன்றைக் கேட்டான்.

"அன்னைக்கு அந்த மொதல் பந்து. நெசமாவே வெளியவாங்க?"

"வெளிய."

"எவ்வளவுங்க?"

அம்மா சுண்டுவிரலைக் காட்டினார். "இந்தக் கனம்."

நவநீதன் அந்த விரலின் கனத்தைப் பார்த்தான். உள்ளே விழுந்திருக்கும், அந்த ஒரு சத்தம் இல்லாவிட்டால் தன் கை இப்படி ஆகியிருக்காது என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தான். அந்த மூலையும் போயிற்று. போனதில் நிம்மதி எதுவும் வரவில்லை, இன்னும் கொஞ்சம் பயம்தான் வந்தது. அத்தனை ஜனம் எதிரே இருக்கும்போது பயமில்லாமல் எப்படிச் சொல்ல முடிந்தது என்று கேட்டான்.

"பயந்துக்கிட்டுத்தான் சொன்னேன். முழங்கால்ல கைய ஊனிக் குனிஞ்சு நிக்கறதுதானுங்க எங்க வழக்கம். அதனால கை நடுங்குனது யாருக்கும் தெரியல."

"அப்பறம் எப்படிச் சொன்னீங்க?"

"பந்து வெளிய விழுந்துதுங்க," என்றார் அம்மா.

நவநீதன் அதையும் நம்பவில்லை. பெரியவர்கள் தன்னடக்கமாகப் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டான். பந்து விழுந்த இடத்தைத் தவிர வேறொன்றும் சொல்லிப் பழகாத ஒரு மனுஷி, நான் பயந்தேன் என்கிறார். அதில் உள்ளர்த்தம் தேடினான். அவனைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. லைன் அம்பயர் சொன்னதை எந்த ஆட்டக்காரன் நம்பியிருக்கிறான்?

வியாழக்கிழமை காலையில் சுகந்தி போனில் கூப்பிட்டாள். நாளைக்குத்தான், ஆட்கள் வந்துவிட்டார்கள், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் பின்னால் பிள்ளை சிணுங்கும் சத்தம் கேட்டது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் காத்திருந்துவிட்டு அவளே போனை வைத்தாள்.

அவன் கிணற்றுக்குப் போனான். கைப்பிடிச் சுவர் இல்லாத பெரிய கிணறு. விளிம்பில் உட்கார்ந்து பந்தை வெளியே எடுத்து, இடது கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டினான். திற என்று கைக்குச் சொன்னான். இங்கே யாரும் பார்க்கவில்லை, புள்ளி இல்லை, நாடு இல்லை, பழைய பந்து ஒன்றுதான், விடு என்று சொன்னான். விரல்கள் பந்தை இறுக்கிக்கொண்டிருந்தன. நகக்கண்கள் வெளுத்தன.

ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இவ்வளவு இறுக்கமான கையா பிள்ளையை விட்டுவிடப்போகிறது என்று நினைத்தான். நினைத்ததும் கிணற்றுத் தண்ணீரில் பந்துக்குப் பதிலாக வேறொன்று விழுவதைப் பார்த்தான். வெள்ளைத் துணி தண்ணீரில் விரிவதைப் பார்த்தான். வியர்த்துக் கொட்டியது. கையைப் பிடுங்கியெடுத்துப் பையில் திணித்துக்கொண்டு, விளிம்பிலிருந்து உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து வந்தான். நாளைக்குப் போவதில்லை என்று அப்போது முடிவு செய்தான். பேரில்லாமல் வளர்ந்தாலும் வளரட்டும், உயிரோடு வளரட்டும் என்று நினைத்தான்.

ஆனால் சுகந்தி அவனைத் தெரிந்தவள், அவன் போயிருந்த இடமும் தெரிந்தவள். சாயங்காலம் வெயில் தாழ்கிற நேரத்தில் தோப்புக்குள் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அவள் பிள்ளையோடு இறங்கினாள்.

அம்மா அப்போது மோட்டார் தண்ணீர் விழுகிற சிமெண்ட் தொட்டியருகே நின்று கை கால் கழுவிக்கொண்டிருந்தார். தொட்டியைச் சுற்றிப் பாவிய கல்லெல்லாம் பாசி. நவநீதன் சற்றுத் தள்ளி ஒரு தென்னையில் சாய்ந்து நின்றான். மனைவியைப் பார்த்ததும் மரத்தோடு ஒட்டிக்கொண்டான்.

சுகந்தி சண்டைக்கென்றே வந்தவள். நேராக அவனைப் பார்த்துத்தான் நடந்தாள். குறுக்கே அங்கமுத்து ஓடிவந்தார். பச்சைப் பிள்ளையோடு வந்திருக்கிறாய் தாயி, முதலில் அம்மா கையில் கொடுத்து ஆசீர்வாதம் வாங்கு என்றார். ஆசீர்வாதம் என்று சொல்லிவிட்டால் எந்தத் தாய்க்கும் கோபம் ஒரு நிமிஷம் பின்னால் போய்விடும். அம்மா வேண்டாம் என்று ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் சுகந்தி பிள்ளையை அவர் கையில் வைத்துவிட்டாள். கார்க்காரர் அவசரமாக ஹார்ன் அடித்தார். பிள்ளையின் பை காருக்குள் இருந்தது. அதை எடுக்க அவள் திரும்பி நடந்தாள்.

அம்மாவின் கையெல்லாம் ஈரம். பிள்ளையோ அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிள்ளை. தெரியாத கை என்றதும் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிட்டது. அம்மா ஒரு கையை மாற்றினார். மாற்றிய கை சரியாக அமையவில்லை. பிள்ளை ஒரு பக்கமாகச் சரிந்தது.

"புடிங்க," என்றார் அம்மா, நவநீதனைப் பார்த்து. "எனக்குப் பயமா இருக்குது."

அங்கமுத்து கண்ணை மூடிக் கைகூப்பினார். இப்படி ஒரு திருவிளையாடலைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

நவநீதனுக்கும் அதே நினைப்புத்தான் வந்தது. சோதிக்கிறார். இவ்வளவு நாள் பேசாமல் இருந்துவிட்டு, இதோ பாடத்தை ஆரம்பிக்கிறார். எனக்காகப் பயந்ததுபோல் காட்டுகிறார், அவராவது பிள்ளையை விடுவதாவது என்று நினைத்தான். அப்படி நினைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றான். நினைத்துக்கொண்டே அம்மாவின் கையைப் பார்த்தான்.

அதுதான் அவன் தொழில். எதிராளியின் முகத்தைப் பார்க்காதே, பிடியைப் பார் என்பது அந்த ஆட்டத்தின் அரிச்சுவடி. முகம் பொய் சொல்லும், பிடி பொய் சொல்லாது. பந்து எந்தப் பக்கம் வரப்போகிறது என்பதை ஆயிரம் ஆட்டங்களில் அவன் எதிராளியின் விரல்களில்தான் படித்திருக்கிறான்.

அம்மாவின் விரல்கள் நழுவிக்கொண்டிருந்தன. மணிக்கட்டு வெடவெடவென்று ஆடியது. பிள்ளையின் தலைக்கடியில் கை இல்லை. அதில் நடிப்பு எதுவும் இல்லை. அந்த அம்மா முதல் நாளிலிருந்து சொன்ன எதிலுமே நடிப்பு இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவன் எப்படிப் போனான் என்று அவனுக்குத் தெரியாது. பாசியில் ஒரு கால் வழுக்கியது. இரண்டு கையும் பிள்ளைக்குக் கீழே போயின. பையிலிருந்து வெளியே வந்த வேகத்தில் இடது கை பந்தை விட்டிருந்தது. பந்து கல்லில் பொத்தென்று விழுந்தது. எழும்பவில்லை. உருண்டு வாய்க்காலில் இறங்கித் தென்னைகளுக்கு நடுவே போய்விட்டது.

அவன் பிள்ளையோடு அந்த ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். நின்றால் விழுந்துவிடுவோம் என்று பயம். ஒரு கை தலைக்கடியில், ஒரு கை முதுகுக்கடியில். பிள்ளை கனமே இல்லை. இவ்வளவு லேசாக இருப்பாள் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவள் கத்திக்கொண்டே இருந்தாள். தலை தரையில் படுகிற அந்தச் சத்தம் அப்போதும் அவன் காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பிள்ளை மடியில் இருந்தாள், சத்தமும் கேட்டது. விரிந்துவிடுமோ என்று விரல்களைப் பார்த்தான். விரல்கள் துணியைப் பற்றியிருந்தன. மறுபடியும் பார்த்தான்.

சுகந்தி பையோடு திரும்பி வந்தாள். நாலெட்டு தூரத்தில் நின்றுவிட்டாள். கிட்டே வரவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

பிள்ளை மெல்ல அழுகையை நிறுத்தியது. அவன் மடி நனைந்தது. ஈரம் பரவி, தொடையில் சூடாக இறங்கியது. பேன்ட்டின் இடது பை தட்டையாகக் கிடந்தது.

அங்கமுத்துவுக்குத்தான் பொறுக்கவில்லை. எப்பேர்ப்பட்ட நாடகம், ஒரே நொடியில் பயத்தைப் போக்கிவிட்டீர்களே அம்மா என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

நவநீதன் பிள்ளையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினான்.

"அம்மா, பயம் போகலீங்க."

"ம்."

"உங்களுக்குப் போயிருச்சுங்களா?"

அம்மா தன் இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பார்த்தார். அவை இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"இல்லீங்க."

அங்கமுத்து கூப்பிய கையைக் கீழே இறக்கினார்.

நவநீதன் கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனாலும் கேட்டான். "நான் வாங்காம அங்கயே நின்னிருந்தா?"

அம்மா காலடியில் இருந்த கல்லைப் பார்த்தார். பந்து விழுந்த இடத்தைப் பார்க்கிறவர்போல் நிதானமாகப் பார்த்தார்.

"கீழ விட்டிருப்பேன்," என்றார்.